ஜிக்ஜாக் கத்தரியும் கால் அங்குலமும்: மூலை கூடாத ஒரு குயில்ட்

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஒரு குழந்தைக் குயில்ட், அதாவது துணித்துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு அடுக்கு வைத்துத் தைக்கும் போர்வை. வரிசைக்கு 9 வீதம் 9 வரிசை, மொத்தம் 81 சதுரங்கள். பூப்போட்ட துண்டும் வெள்ளைத் துண்டும் மாறி மாறி வரும் சதுரங்கப் பலகை அமைப்பு. புதிதாக ஒட்டுத்துணி வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குவார்கள். நேர்த்தையல் தெரிந்தால் போதும், வளைவு இல்லை, முக்கோணம் இல்லை. அப்படிப்பட்ட வேலையில் மூன்று வரிசை சேர்ந்ததுமே, நான்கு சதுரங்கள் சந்திக்கும் மூலைகள் ஒரே புள்ளியில் கூட மறுத்தன.

தைத்தவர் கோவையில் என்னிடம் குயில்ட் கற்றுக்கொள்ள வரும் ஓர் அக்கா. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஜாக்கெட், சுடிதார், பாவாடை என்று பல காலமாகத் தைத்த கை. நூல் பிடித்தது போல நேராகத் தைப்பார். தையல் கோணலாகப் போனதால் வந்த வினை இது என்று சொல்லிவிட்டு நகர முடியாது என்பதால்தான் இந்தக் குயில்டை எழுதுவதற்கு எடுத்தேன்.

"ஏனுங் டீச்சர், மிஷின்ல கோளாறுங்களா? இப்பத்தான் சர்வீஸ் பண்ணி வாங்கினேன்" என்றுதான் அக்கா மேசையில் துணியை விரித்தார்.

பூப்போட்ட சதுரங்கள் அமெரிக்காவிலிருந்து அவருடைய மகள் கொண்டுவந்த சார்ம் பேக்கில் இருந்தவை. 5 அங்குலச் சதுரமாக ஆலையிலேயே வெட்டி அடுக்கிய 42 துண்டுகள். அதில் 41 இந்தக் குயில்டுக்குப் போயிருந்தன. மீதி 40 வெள்ளைச் சதுரங்களை அக்காவே பாப்ளின் எடுத்து வெட்டியிருந்தார். 5 அங்குலத்துக்கு ஓர் அட்டை வெட்டி, அதைத் துணிமேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, புதிதாக வாங்கிய, ஓரத்தைப் பல் பல்லாக வெட்டும் ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டியிருக்கிறார். பேக்கில் வந்த துண்டுகளின் ஓரம் பல் பல்லாக இருந்ததைப் பார்த்து, 'குயில்டுக்கு இப்படித்தான் வெட்ட வேண்டும் போல' என்று நினைத்ததாகச் சொன்னார். நூல் பிரியாது என்பது கூடுதல் காரணம். இரண்டுமே நியாயமான யோசனைகள்தான்.

மூலைகள் தப்பிய விதம்

மூலை கூடவில்லை என்றால் பொதுவாக மூன்று இடங்களில் சந்தேகம் விழும்: தையலின் அகலம் (துணி ஓரத்திலிருந்து தையல் எவ்வளவு உள்ளே விழுகிறது என்பது), துண்டின் அளவு, அயர்ன் பண்ணும்போது துணி இழுபட்டது. பிரித்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே இவற்றில் எது என்று ஓரளவு தெரிந்துகொள்ளலாம். மூலைகள் எந்த ஒழுங்கில் தப்புகின்றன என்று பார்த்தால் போதும்.

இரண்டு வரிசைகளில் தையலின் அகலம் வேறு வேறாக இருந்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும். முதல் மூலையில் ஒரு நூலளவு, எட்டாவது மூலையில் அரை அங்குலம் என்று பெருகும். இழுபட்ட துணியில் ஒழுங்கே இருக்காது. ஓரிடத்தில் வலப்பக்கம் தள்ளும், இன்னோரிடத்தில் இடப்பக்கம்.

அக்காவின் துணியில் இரண்டும் இல்லை. முதல் மூலை கால் அங்குலம் தப்பியிருந்தது. இரண்டாவது கச்சிதமாகக் கூடியிருந்தது. மூன்றாவது மறுபடி கால் அங்குலம், நான்காவது சரி. கடைசி வரை இப்படியே ஒன்றுவிட்டு ஒன்று. வரிசையின் முடிவில் ஒரு வரிசை மற்றதைவிடக் கால் அங்குலம் நீண்டிருந்தது.

சதுரங்கப் பலகை அமைப்பில் இப்படி வந்தால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: இரண்டு நிறச் சதுரங்களும் ஒரே அளவில் இல்லை. மேல் வரிசை பூ, வெள்ளை, பூ என்று தொடங்குகிறது. கீழ் வரிசை வெள்ளை, பூ, வெள்ளை என்று. ஒரு சதுரம் தாண்டியதும் மேலே ஒரு பூவின் அகலம், கீழே ஒரு வெள்ளையின் அகலம். அளவு வேறு என்றால் அங்கே மூலை தப்பும். இரண்டு சதுரம் தாண்டியதும் இரண்டு வரிசையிலும் ஒரு பூவும் ஒரு வெள்ளையும் கடந்திருக்கும். கூட்டுத்தொகை ஒன்றே, மூலை கூடிவிடும். மூன்றாவதில் மறுபடி தப்பும்.

மிஷின் சோதனை

இருந்தாலும் மிஷினைச் சோதிக்காமல் விட்டால் அக்கா சமாதானமாக மாட்டார். குயில்ட் தைப்பவர்களிடம் இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1½ அங்குல அகலம், 3½ அங்குல நீளத்தில் மூன்று பட்டைகளை ரோட்டரி கட்டரால் (உருட்டி வெட்டும் வட்டக் கத்தி) நேராக வெட்டி, நீளப் பக்கமாக ஒன்றோடொன்று கால் அங்குலத் தையலில் சேர்க்க வேண்டும். அயர்ன் செய்தபின் நடுப்பட்டை சரியாக 1 அங்குலமும், மொத்தத் துண்டு 3½ அங்குலச் சதுரமும் வந்தால் தையல் அகலம் சரி. அக்காவின் மிஷினில், அக்காவின் கையாலேயே தைத்தோம். நடுப்பட்டை 1 அங்குலம், மயிரிழை பிசகவில்லை. மிஷின் தப்பித்தது.

அடுத்து மீதமிருந்த சதுரங்களை அளந்தோம். பேக்கில் எஞ்சிய பூச்சதுரம் பல்லின் முனையிலிருந்து எதிர்ப்பக்கப் பல்லின் முனைவரை 5 அங்குலம், அதாவது 127 மி.மீ. பற்கள் சிறியவை, பள்ளத்தின் ஆழம் சுமார் 2 மி.மீ. அக்கா வெட்டியதில் மிஞ்சிய வெள்ளைச் சதுரத்தில் பள்ளத்திலிருந்து பள்ளம்வரைதான் 5 அங்குலம். அந்தக் கத்தரியின் பல் பெரியது, ஆழம் 3 மி.மீ. ஆக முனையிலிருந்து முனைவரை 133 மி.மீ., ஏறத்தாழ 5¼ அங்குலம்.

இரண்டுமே '5 அங்குலம்'தான். ஒன்று முனையில் 5, மற்றது பள்ளத்தில் 5.

மிஷினில் தைக்கும்போது கண் பார்ப்பது துணியின் வெளி ஓரத்தை. முனைகள் மிஷினின் கால் அங்குலப் பாதத்தின் (ஊசியிலிருந்து விளிம்புவரை கால் அங்குலம் உள்ள பாதம்) விளிம்பை ஒட்டி ஓடும்படி அக்கா ஒழுங்காகப் பிடித்துத் தைத்திருக்கிறார். எனவே பூச்சதுரம் தைத்து முடித்தபின் 4½ அங்குலம், வெள்ளை 4¾ அங்குலம். வரிசையின் நீளமும் இந்தக் கணக்குக்குச் சரியாக வந்தது. இருபுறமும் தைக்காமல் நிற்கும் கால் கால் அங்குலத்தைச் சேர்த்து 41 அங்குலம் வரவேண்டிய வரிசை, பூவில் தொடங்கினால் 42, வெள்ளையில் தொடங்கினால் 42¼ என்று நின்றது.

கோடு எங்கே போனது

அட்டை 5 அங்குலம் சரியாகவே இருந்தது. பென்சில் கோடும் சரி. வெட்டியபோது கோடு பல்லின் எந்த இடத்தில் விழுந்தது என்பதில்தான் விஷயம்.

சாதாரணக் கத்தரியில் வெட்டு என்பது ஒரு கோடு. பென்சில் கோட்டின்மேல் கத்தரி போனால் வேலை முடிந்தது. ஜிக்ஜாக் கத்தரியின் வெட்டுக்கு அகலம் உண்டு, 3 மி.மீ. அகலமுள்ள ஒரு பட்டைக்குள் அது மேலும் கீழும் போய்வருகிறது. அந்தப் பட்டையின் உள் ஓரம் கோட்டில் பட வேண்டுமா, வெளி ஓரமா, நடுவா என்று வெட்டுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். அக்காவுக்குத் தையல் பழக்கம் ஜாக்கெட்டில் வந்தது. ஜாக்கெட் வெட்டும்போது கோடு அழியாமல் வெளியே தள்ளி வெட்டுவதுதான் நல்ல பழக்கம்; துணி கூட இருந்தால் பிடித்துக்கொள்ளலாம், குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கை தானாகவே கோட்டை உள்ளே விட்டு வெளியே வெட்டியிருக்கிறது. ஜாக்கெட்டில் தையல் கோடும் துணியில் வரைந்திருக்கும், அதைப் பார்த்துத் தைக்கலாம். குயில்டில் அப்படி எந்தக் கோடும் இல்லை. வெட்டிய ஓரமே அளவுகோல்.

இந்த ஆய்வில் எனக்குச் சொல்ல இருப்பது முக்கியமாக இதுதான். உடையில் துணியின் ஓரம் கழிவு. தையல் கோட்டுக்கு அப்பால் அது எப்படிக் கிடந்தாலும் அளவு மாறாது. ஒட்டுத்துணி வேலையில் ஓரம்தான் மிஷினுக்கு வழிகாட்டி. வழிகாட்டியில் பல் விழுந்தால், ஒவ்வொரு தையலிலும் 'முனையா, பள்ளமா' என்ற கேள்வி வந்து நிற்கும். பள்ளத்தைப் பார்த்துத் தைத்தாலும் வேறு விதமாகக் கணக்கு உதைக்கும். பூச்சதுரங்களை மட்டும் வைத்து 9 துண்டு வரிசையைப் பள்ளத்தை ஒட்டித் தைத்திருந்தால், ஒரு தையலுக்கு இரண்டு பக்கமும் 2 மி.மீ. வீதம் 4 மி.மீ. உள்ளே போகும். 8 தையலுக்கு 32 மி.மீ., ஒன்றேகால் அங்குலம் குறையும்.

3 மி.மீ. தையல்

பிரித்துப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது, அது மூலையைவிட மோசம். உயரத்திலும் வெள்ளை கால் அங்குலம் அதிகம் அல்லவா? அக்கா நடுவை நடுவோடு பொருத்தியிருந்ததால், ஒவ்வொரு வரிசையின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் படிக்கட்டு போல ஏறி இறங்கின: வெள்ளை இருபுறமும் சுமார் 3 மி.மீ. வெளியே, பூ உள்ளே. வரிசைகளைச் சேர்க்கும்போது வெளியே நின்ற வெள்ளையின் முனையிலிருந்து கால் அங்குலம் எடுத்தால், பூச்சதுரத்துக்குத் தையலுக்கு அப்பால் 3 மி.மீ.தான் மிஞ்சும். அதிலும் 2 மி.மீ. பல். ஆக, பள்ளம் விழுந்த இடங்களில் தையலுக்கும் காற்றுக்கும் இடையே 1 மி.மீ. துணி.

மூலை தப்புவது கண்ணுக்கு அசிங்கம், அவ்வளவுதான். இது முதல் சலவையிலேயே பிய்ந்துவிடும், அதுவும் குழந்தை வாயில் வைத்து இழுக்கும் பொருள். அக்காவிடம் மூலையைச் சரிக்கட்டிவிடலாமா என்ற பேச்சு அதோடு முடிந்தது.

கத்தரி என்னதான் செய்கிறது

நெய்த துணியில் பாவும் (நீளவாக்கு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) செங்குத்தாகக் குறுக்கிடுகின்றன. ஊடைக்கு இணையாக நேராக வெட்டினால், ஓரத்தில் ஒரு முழு ஊடை நூல் எந்தப் பிடிமானமும் இல்லாமல் கிடக்கும். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அப்படியே உருவி வரும். அடுத்தது, அதற்கடுத்தது என்று தொடரும். ஜிக்ஜாக் வெட்டு இரண்டு விதத்தில் இதைத் தடுக்கிறது. ஓரத்தின் ஒவ்வொரு சிறு பக்கமும் பாவுக்கும் ஊடைக்கும் சாய்வாக, தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் திசையில் விழுகிறது. ஓரத்து நூல்களும் ஒரு பல்லின் அகலத்துக்கு மேல் நீளமில்லாத துணுக்குகளாகிவிடுகின்றன. நீள நூல் உருவி வராது. துணுக்குகள் மட்டும் உதிரும்.

பிசிறைக் குறைக்கும், நிறுத்தாது. நெருங்கிய நெசவுள்ள பாப்ளினில் நன்றாகவே வேலை செய்யும். தளர்வான கதர், லினன், ரேயான் மாதிரித் துணியில் சில சலவைக்குப் பின் பல்லே காணாமல் போயிருக்கும். பின்னலாடைத் துணி இந்த மாதிரி பிரியவே பிரியாது, அதற்கு இந்தக் கத்தரி வீண்.

கத்தரியாக வருவதற்கு முன் இந்த வெட்டை ஓர் இரும்பு அச்சால் போட்டார்கள். துணியைக் கட்டைமேல் வைத்து அச்சைச் சுத்தியால் தட்டுவது. 1893-ல் அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த லூயிஸ் ஆஸ்டின் என்ற பெண்மணி பல்வைத்த கத்தரிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் கையில் பிடிக்கும் வடிவம் 1931-ஐ ஒட்டி சாமுவேல் பிரிஸ்க்மன் காப்புரிமை எடுத்த வடிவமைப்பின் வழி வந்தது. நியூஜெர்சியின் நியூவர்க் நகரில் இருந்த விஸ் நிறுவனத்தின் ஜிக்ஜாக் கத்தரிகள் அங்கே வீட்டுத் தையற்காரர்களிடையே பெயர் பெற்றவை. ஓவர்லாக் மிஷின் வீடுகளுக்கு வராத காலம் அது. கவுன், சட்டை, பாவாடையின் உள்தையலைப் பிசிறாமல் முடிக்க இதைவிட வேகமான வழி இருக்கவில்லை. சுருக்கமாக, இது உடை தைப்பவரின் கருவி. உடையின் உள்பக்கம் திறந்து கிடக்கிறது, உடம்பில் உராய்கிறது, சலவையில் அடிபடுகிறது.

குயில்டின் உள்பக்கம் திறந்து கிடப்பதில்லை. மேல்துணிக்கும் பின்துணிக்கும் நடுவே, பஞ்சு அடுக்கை ஒட்டி அந்தத் தையல் ஓரங்கள் மூடப்பட்டுவிடுகின்றன. மூன்று அடுக்கையும் சேர்த்து ஓடும் குயில்ட் தையல் அவற்றை அசையவிடாமல் பிடிக்கிறது. அங்கே பிசிறுக்குப் பயப்படத் தேவையில்லை. முழுக் கால் அங்குலத் துணி தையலுக்கு அப்பால் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஜிக்ஜாக் வெட்டு அந்தக் கால் அங்குலத்திலிருந்தே 2, 3 மி.மீ. தின்றுவிடுகிறது. பாதுகாப்புக்காக வெட்டிய பல்லே தையலைப் பலவீனமாக்குகிறது.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வைகளை இங்கே சொல்லத் தோன்றுகிறது. பழைய துணித் துண்டுகளின் ஓரத்தைக் கையாலேயே உள்ளே மடித்துக்கொண்டு, வெளி விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கி ஓட்டத்தையல் போட்டுக்கொண்டே போவார்கள். துண்டுகளை அளந்து வெட்டுவது என்ற பேச்சே இல்லை. ஓரம் எப்படி இருந்தாலும் மடிப்புக்குள் போய்விடும். அந்த முறையில் தைத்திருந்தால் அக்காவின் கத்தரி ஒரு கெடுதலும் செய்திருக்காது.

அப்படியானால் ஆலை ஏன் பல் வைக்கிறது?

அக்கா கேட்ட இந்தக் கேள்வி சரியான கேள்வி. அமெரிக்காவின் மோடா போன்ற துணி நிறுவனங்கள் ஒரே வடிவமைப்பு வரிசையின் துணிகளை 5 அங்குலச் சதுரம், 10 அங்குலச் சதுரம், 2½ அங்குலப் பட்டை என்று வெட்டி விற்கின்றன. இவை பெட்டியில் அடைபட்டு, கப்பலேறி, கடையில் கைபட்டு, வாங்கியவர் வீட்டு அலமாரியில் பல மாதம் கிடந்து, அப்புறம்தான் மிஷினுக்கு வரும். நேராக வெட்டிய பட்டை அதற்குள் நூல்நூலாகச் சிக்கிக்கொண்டிருக்கும். பல் வைப்பது பயணத்துக்காக, தையலுக்காக அல்ல. ஆலையில் கருவியால் வெட்டுவதால் ஒவ்வொரு துண்டிலும் பல் ஒரே அளவில், ஒரே இடத்தில் விழும். கையால் வெட்டும் நமக்கு அது சாத்தியமில்லை.

அந்த ஆலைத் துண்டுகளிலும் 5 அங்குலம் என்பது முனைக்கா பள்ளத்துக்கா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எனவே பொட்டலம் பிரித்ததும் ஒரு துண்டை அளவுகோலில் வைத்து இரண்டு விதமாகவும் அளந்துவிட வேண்டும். முனையில் அளவு சரியாக வந்தால் முனையைப் பாதத்தின் விளிம்புக்கு ஒட்டித் தைக்கலாம். பள்ளத்தில் சரியாக வந்தால் முனைகளை அந்த விளிம்புக்கு வெளியே விட்டு, பள்ளத்தை விளிம்பில் வைத்துத் தைக்கலாம். எதுவானாலும் ஒரே வேலையில் இரண்டையும் கலக்கக் கூடாது. இரண்டு நிறுவனத்துப் பேக்குகளைக் கலந்தால் அக்காவுக்கு வந்த கதைதான் வரும், கையில் கத்தரியே எடுக்காவிட்டாலும்.

சரிசெய்தது

"அத்தனையும் பிரிக்கோணுங்களா?" என்றார் அக்கா.

"ஆமாங்கக்கா. பாதி பிரிச்சா பாதியில நிக்கும்" என்றேன்.

வேறு வழிகளும் யோசித்தோம். கால் அங்குல மிகுதியைத் தையலில் சுருக்கிப் பொருத்தலாம் என்பது அக்காவின் யோசனை. ஜாக்கெட்டின் கைத்துண்டை உடல்துண்டோடு பொருத்தும்போது செய்கிற வேலை. 4½ அங்குலத்தில் கால் அங்குலத்தைச் சுருக்கினால் ஒவ்வொரு வெள்ளைச் சதுரமும் புடைத்து நிற்கும். வெள்ளையை மட்டும் 5 அங்குலத்துக்கு வெட்டிவிட்டு, பூவை முனை ஒட்டித் தைக்கலாம் என்பது இரண்டாவது வழி. கணக்கில் அது சரி. ஆனால் வரிசைகளைச் சேர்த்த இடத்தில் பூச்சதுரங்களின் ஓரம் ஏற்கெனவே ஒரு முறை தைத்துப் பிரித்ததில் நைந்திருந்தது, சில பற்கள் உதிர்ந்தும் இருந்தன.

எனவே 81 சதுரங்களையும் 4¾ அங்குலத்துக்கு வெட்டுவது என்று முடிவானது. பூச்சதுரத்தின் பள்ளத்திலிருந்து பள்ளம் 123 மி.மீ.; 4¾ அங்குலம் 120.65 மி.மீ. ஆக, பல் முழுவதும் போய் நேரான ஓரம் கிடைக்கும். இதில் இன்னொரு லாபமும் இருந்தது. ஒவ்வொரு பக்கமும் அரைக்கால் அங்குலம் போவதால், துண்டுகளைச் சேர்த்த பழைய தையலின் ஊசித் துளைகள் புதிய ஓரத்திலிருந்து அரைக்கால் அங்குலத்தில் நிற்கும். புதுத் தையல் அதற்கும் உள்ளே, கால் அங்குலத்தில் விழும். துளைகள் எல்லாம் மடிப்புக்குள் ஒளிந்துவிடும். வெள்ளையிலோ துளைகள் வெட்டிய பட்டையோடு கிட்டத்தட்டப் போயே போய்விடும்.

பிரித்த துண்டுகளுக்கு முதலில் கஞ்சி தெளித்து அயர்ன் செய்தோம். இழுபட்ட துணியை அப்படியே வெட்டினால் அளவு நிற்காது. பிறகு கட்டிங் மேட்டில் வைத்து, சதுர அக்ரிலிக் அளவுகோலை நடுவில் பொருத்தி, ரோட்டரி கட்டரால் நான்கு பக்கமும். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-ல் இந்தக் கட்டரைக் கொண்டுவந்த பிறகுதான் ஒட்டுத்துணி வேலையில் அட்டை, பென்சில், கத்தரி மூன்றும் பின்னுக்குப் போயின. கத்தரி துணியை மேசையிலிருந்து தூக்கி வெட்டுகிறது. கட்டர் துணியைப் படுத்தபடியே வைத்து வெட்டுகிறது. ஜிக்ஜாக் கத்தரியின் தாடை தடித்தது, துணியை இன்னும் அதிகமாகத் தூக்கும். நாலு அடுக்கு வைத்து வெட்டினால் மேல் துண்டும் கீழ் துண்டும் ஒரே அளவில் வராது. அக்காவின் வெள்ளைச் சதுரங்களில் இதுவும் கொஞ்சம் இருந்தது.

மூலைகளையும் சொல்ல வேண்டும். சதுரத்தின் மூலை பல்லின் முனையில் விழுமா பள்ளத்தில் விழுமா என்பது கத்தரியில் நம் கையில் இல்லை. சில வெள்ளைத் துண்டுகளில் மூலையே பள்ளத்தில் விழுந்து மழுங்கிப் போயிருந்தது. சதுரத்தில் இதை ஒப்பேற்றலாம். முக்கோணங்கள் உள்ள அமைப்பில் கூர்முனையை வைத்துத்தான் இரண்டு துண்டைப் பொருத்துவோம். அங்கே முனையே இல்லாமல் போனால் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

புதிதாகத் தைத்தபோது மூலைகள் கூடின. ஒவ்வொரு சதுரமும் 4¼ அங்குலம், நடுப்பகுதி 38¼ அங்குலம். நினைத்திருந்த 40½-ஐ விடச் சிறிது. மிச்சமிருந்த வெள்ளைப் பாப்ளினில் 2½ அங்குலப் பட்டை வெட்டி நான்கு பக்கமும் கரை கொடுத்ததில் 42¼ அங்குலமாக நின்றது. அக்காவுக்குக் கரை பிடித்துவிட்டது. அடுத்ததற்கும் வைக்கப் போவதாகச் சொன்னார்.

கத்தரியை என்ன செய்வது

தூக்கிப் போட வேண்டாம். என்னிடமும் ஒன்று இருக்கிறது, அடிக்கடி எடுக்கிறேன். மீட்டர் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துத் துவைப்பவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும். கடையில் கிழித்துக் கொடுத்த இரண்டு தலைப்பையும் ஜிக்ஜாக்காக வெட்டிவிட்டு நனைத்தால், வாளியில் நூல் பந்தாகச் சுருட்டிக்கொண்டு வராது. அந்த ஓரம் எப்படியும் பிறகு வெட்டித் தள்ளப்படுவது, அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கத்தரி இல்லாதவர்கள் துணியின் நான்கு மூலையையும் சின்ன முக்கோணமாகக் கிள்ளி வெட்டிவிட்டாலும் ஓரளவு பலன் கிடைக்கும். 5 அங்குலச் சதுரம் போன்ற ஆலைத் துண்டுகளை மட்டும் நனைக்காதீர்கள்; சுருங்கினால் அளவு போச்சு.

வட்டம், இதழ் மாதிரி வளைவான துண்டுகளை இரண்டாகத் தைத்துத் திருப்பும் வேலையிலும் நல்லது. தைத்த பின், தையலுக்கு வெளியே உள்ள துணியை இந்தக் கத்தரியால் வெட்டினால் வளைவுக்கு வேண்டிய சின்னச் சின்ன வெட்டுகள் தானாக விழுந்துவிடும். திருப்பினால் வளைவு வழவழவென்று நிற்கும். இங்கே தையல் முடிந்த பிறகு வெட்டுகிறோம் என்பதைக் கவனிக்கலாம். ஃபெல்ட் துணியில் அலங்கார ஓரத்துக்கும், துணி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் அட்டைக்கும் இதுவே சரி. துணி வியாபாரிகளின் சாம்பிள் அட்டைகளில் துணுக்குகள் பல் பல்லாக இருப்பது அதனால்தான். ரோட்டரி கட்டரில் மாட்டுகிற ஜிக்ஜாக் பிளேடும் கிடைக்கிறது. ஆனால் அதிலும் முனை, பள்ளம் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

வெட்டும்போது ஒவ்வொரு முறையும் கத்தரியை நுனிவரை மூடாமல், அடுத்த வெட்டுக்கு முதல் பல்லை ஏற்கெனவே விழுந்த கடைசிப் பள்ளத்தில் பொருத்தித் தொடங்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் ஒரு பல் உடைந்தது போலத் தெரியும். காகிதம் வெட்டக் கூடாது. தெருவில் சாணை பிடிக்க வருகிறவரிடம் கொடுக்கவே கூடாது. இரண்டு தாடையின் பல்லும் ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாகப் பொருந்தினால்தான் வெட்டும். பல்லைத் தேய்த்துவிட்டால் அதன் பிறகு துணியைக் கடிக்கும், வெட்டாது. அலுமினியத் தாளை வெட்டினால் கூர்மை வரும் என்று சொல்வார்கள். ஒட்டியிருக்கும் பிசிறு வேண்டுமானால் போகலாம், மழுங்கிய பல் அதனால் கூர்மையாகாது.

அக்காவின் மகள் இந்த முறை 2½ அங்குலப் பட்டைகள் கொண்டுவந்திருக்கிறார், வேறொரு நிறுவனத்தினுடையவை. பிரித்தவுடன் அளந்துவிட்டு அக்கா போனில் கூப்பிட்டார். இதில் பள்ளத்திலிருந்து பள்ளம் 2½ வருகிறதாம். "முனையை வெளிய உட்டுத் தைக்கறனுங்க, இல்லீனா ரெண்டு பக்கமும் வெட்டிப்போட்டுத் தைக்கறனுங்க, எது சொல்றீங்க?" என்றார். பட்டை நீளமானது, 44 அங்குலம். அத்தனை நீளத்துக்குப் பள்ளத்தைக் கண்ணால் பின்தொடர்வது கஷ்டம். ஒரு பக்கத்துக்கு ஒரு பல் ஆழம் போனால் போகட்டும் என்று இரண்டு பக்கமும் நேராக வெட்டிவிடச் சொன்னேன். அதில் பட்டை முழுசாக 2½ மிஞ்சும்.